நிலக்கரி மின்நிலையத்தை மூடினால் அங்கு வேலை செய்த சனத்துக்கு அரசு என்ன கொடுக்கும்?

ஜேர்மனியில் நிலக்கரி ஆலையில் வேலை செய்யும் சித்தப்பாவை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். இலங்கையின் வடக்கே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரோடு நின்றுபோய், இடிந்த கட்டடங்களாய்க் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, 'மூடினால் நடுத்தெருதான்' என்ற பயம் வராமல் இராது.

ஜேர்மனியில் கதை வேறு. 2020 சட்டப்படி, பிந்தினால் 2038இல் நிலக்கரி மின்சாரம் முடிகிறது. சித்தப்பாவுக்கு முக்கியமானது வயது. 58 தாண்டியவர் வேலையிழந்தால், ஓய்வூதியம் தொடங்கும்வரை, கூடினால் ஐந்து வருடம், அரசு மாதாமாதம் இடைக்காலப் பணம் கொடுக்கும்.

நிலக்கரிப் பிரதேசங்களுக்கு ஒதுக்கிய 4,000 கோடி யூரோ வரையான தொகை வேறு. அதை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பதில்லை. றோட்டு, ரயில், ஆராய்ச்சி நிலையம் என்று ஊருக்குள் இறக்குகிறார்கள். கொட்புஸ் நகரில் 2024இல் திறந்த கடுகதி ரயில் திருத்தும் பட்டறை அப்படி வந்ததுதான். இளம் ஆட்களுக்கு இதுதான் உதவும். 55 வயதுக்காரர் புதுத் தொழில் பழகுவது லேசில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் இலங்கையில் இருப்பது நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் ஒன்றுதான், 900 மெகாவாட். கரி கப்பலில் வருகிறது, சுரங்க ஊர் என்று ஒன்றில்லை. திருகோணமலைப் பக்கம் சம்பூரில் போட்ட நிலக்கரி ஆலைத் திட்டமோ 2016இல் கைவிடப்பட்டது. அங்கே சனம் கேட்டது வேலையை அல்ல, காணியை.