அஜினமோட்டோவை நிறுத்திய பிறகும் காலையில் முகம் வீங்குவது ஏன்?

கேள்வி: எங்களுக்கு ஊர் தக்கலை. மாதத்தில் ஒரு ஞாயிறு ராத்திரி, நாகர்கோவிலில் பல வருஷமாக நடக்கும் சைனீஸ் ஹோட்டல் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போவோம். ஹாட் அண்ட் சோர் சூப், சிக்கன் ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன், இதுதான் வழக்கம். 58 வயதான என் கணவர் பிரஷருக்கு டெல்மிசார்டான் 40 எடுக்கிறார். போய்வந்த ராத்திரி அவருக்குத் தாகம் அடங்காது. காலையில் கண் இமை உப்பியிருக்கும். 130/80 இருந்த பிரஷர் 150/94 காட்டுகிறது. மருமகளுக்குத் தலைவலி. அஜினமோட்டோவை நிறுத்திவிட்டோம் என்று ஹோட்டலில் சொல்கிறார்கள், ஆனாலும் மாறவில்லை. போன தடவை மிச்ச ரைஸைப் பார்சல் கட்டி வந்து, காலையில் சூடாக்கிக் கொடுத்தோம். 6 வயதுப் பேரன் 2 மணி நேரத்துக்குள் நாலைந்து தடவை வாந்தி எடுத்துவிட்டான். இனி அங்கே போகவே கூடாதா டாக்டர்?

பதில்: போகலாம் அம்மா. ஆர்டர் கொடுக்கும் விதத்தையும் பார்சலைக் கையாளும் விதத்தையும் மாற்ற வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றும் வெவ்வேறு பிரச்சினைகள்.

முதலில் உங்கள் கணவர். அவருக்கு நடப்பது உப்பு செய்கிற வேலை. 15 மில்லி சோயா சாஸில், அதாவது ஒரு மேசைக்கரண்டியில், சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதுக்குமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக் கணக்கில் அது 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சூப்பில் சோயா சாஸ், ரைஸில் சோயா சாஸும் உப்பும், மஞ்சூரியன் கிரேவியில் மறுபடியும் சோயா சாஸ், சில்லி சாஸ் என்று போனால் ஒரு வேளையிலேயே எல்லை தாண்டிவிடும். ரத்தத்தில் சோடியம் ஏறியதும் தாகம் எடுக்கும். குடிக்கிற தண்ணீரை உடம்பு பிடித்துவைக்கும். ராத்திரி படுத்திருக்கும்போது அது இமையின் தளர்ந்த திசுவில் தேங்கும். உப்பு கூடினால் டெல்மிசார்டானின் பலனும் குறையும்.

அஜினமோட்டோவில் எடைக்கு 12 சதவீதம்தான் சோடியம். சாதாரண உப்பில் 39 சதவீதம். அஜினமோட்டோவை எடுத்துவிட்டு, ருசிக்காக உப்பையும் சாஸையும் கூட்டிப் போட்டால் உங்கள் கணவருக்கு அது பாதகம்தான். அஜினமோட்டோ மேல் பழி விழத் தொடங்கியது 1968-ல். சீன உணவு சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சோயா சாஸ், சமையல் ஒயின், அஜினமோட்டோ, அதிக சோடியம் என எல்லாவற்றையும் சந்தேகமாகத்தான் குறிப்பிட்டிருந்தார். ஊருக்கு நினைவில் நின்றது அஜினமோட்டோ மட்டும். வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குத் தலைவலி, முகச் சிவப்பு வந்தது உண்மை. சாப்பாட்டில் கலந்து வரும் அளவு பொதுவாக அரை கிராமுக்கும் கீழே. அஜினமோட்டோவில் இருக்கும் அதே குளூட்டமேட் தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இயற்கையாகவே இருக்கிறது.

ஆர்டர் கொடுக்கும்போது "உப்பு கம்மி" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாஸ்டர் உப்பைக் குறைத்துவிட்டு சாஸை வழக்கம்போல ஊற்றுவார். "சோயா சாஸ் பாதி, தனியாக உப்பு வேண்டாம்" என்று, சட்டி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள். பழகிய கடை, ஆர்டர் வந்த பிறகுதான் வதக்குவார்கள்; செய்து தருவார்கள். அவருக்கு ஃப்ரைடு ரைஸுக்குப் பதில் வெறும் சாதம், கிரேவி ஒன்றே ஒன்று. துண்டுகளை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு கிரேவியைத் தட்டிலேயே விட்டுவிடட்டும்; உப்பு அதில்தான் நிற்கிறது. சூப்பை ஒன் பை டூவாக வாங்கிக்கொள்ளுங்கள். புளிப்பு சேர்ந்தால் உப்புக் குறைவு தெரியாது, அதனால் மேசையில் இருக்கும் வினிகர் மிளகாயைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். சாஸ் பாட்டிலை மட்டும் தள்ளி வையுங்கள். அன்று மத்தியானம் கருவாடு, ஊறுகாய், பப்படம் வேண்டாம்.

காலையில் 150 காட்டியதைப் பார்த்து மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போடக் கூடாது, நீர் மாத்திரையும் தானாகப் போடக் கூடாது. 5 நிமிடம் அமர்ந்த பிறகு, காலையும் மாலையும், ஒரு வாரம் அளந்து எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹோட்டலுக்குப் போகாத நாளிலும் இமை வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ சிறுநீரகத்தின் நிலை தெரிய, சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்தாக வேண்டும். இந்துப்புக்கு மாறிப் பயனில்லை, அதுவும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு டெல்மிசார்டானோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மருமகளின் தலைவலிக்கு உப்பும் காரணமாகலாம், ராத்திரி நேரம் தவறிச் சாப்பிடுவதும் காரணமாகலாம். மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பசியே போதும். சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது வலித்தது என்று குறித்துவரச் சொல்லுங்கள். சூரையோ அயிலையோ சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து தலை வலித்தால், ஐஸில் சரியாக வைக்காத மீனில் ஊறிய ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலை அது. உதடு வீங்கி, தடிப்பு வந்து, மூச்சு இரைத்தால் அலர்ஜி. காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இறால் கேட்காவிட்டாலும் போதாது. அதே சட்டி, அதே எண்ணெய் என்பதால் கழுவிய சட்டியில் செய்யச் சொல்ல வேண்டும்.

பேரனுக்கு வந்ததுதான் எனக்குக் கவலை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. சாதம் வெளியே கிடந்தால் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. நம் மாவட்டத்துக் கடற்காற்றின் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க மேசையில் கிடந்த பார்சல் அதற்கு வசதியான இடம். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வருவது இதன் அடையாளம். ஃப்ரைடு ரைஸுக்கு ஆறிய சாதம்தான் உதிரியாக வரும் என்பதால் ஹோட்டலிலும் சாதத்தை முன்கூட்டியே வடிப்பார்கள். அதைக் குளிரில் வைக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பார்சலை, சமைத்த 2 மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே, ஆவி பறக்க ஒரே தடவை சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும். ராத்திரி வைக்க மறந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

மறுபடி வாந்தி வந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கலந்து, 5 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி கொடுங்கள். ஒரே மூச்சில் டம்ளரோடு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். ஆன்டிபயாடிக் தேவையில்லை. பெரும்பாலும் 24 மணி நேரத்தில் நின்றுவிடும். 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோங்கள்.