ஊரடங்கில் வளர்ந்த பிள்ளைகள் ஏன் கூட்டத்தில் ஒட்டாமல் நிற்கிறார்கள்?

கூச்ச சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள். தான் யார் என்பதைக் குழந்தை வீட்டுக்குள் மட்டும் கற்பதில்லை. வயதொத்தவர்களோடு சண்டை போட்டு, பழம் விட்டு, தோற்று, மறுபடி ஆட்டத்தில் சேர்ந்துதான் ‘நான் இந்தத் தெரு, இந்த செட்டு’ என்ற எண்ணம் உருவாகிறது.

தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஐந்து வயதில் வீட்டுக்குள் போன பிள்ளை நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. விட்டுக்கொடுப்பது, முகம் பார்த்து மனசைப் புரிந்துகொள்வது எல்லாம் பழகும் வயது அதுதான்.

மதுரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 2020, 2021 இரண்டு சித்திரையிலும் அழகர் வைகையில் இறங்கவில்லை. சித்தப்பா தோளில் உட்கார்ந்து, தண்ணீர் பீய்ச்சலில் நனைந்து, மண்டகப்படிக்கு மண்டகப்படி அலையும்போதுதான் ‘நாம மதுரைக்காரங்க’ என்பது உள்ளே இறங்கும். இதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். பதின்வயதினருக்கோ நட்பே செல்போனுக்குள் போய்விட்டது. வீட்டுக்கு ஒரே போன் என்றால் அதுவும் இல்லை.

சரி, மீளுமா? பெரும்பாலும் மீளும். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலராக வந்த தெரிந்த அக்காவிடம் தெருப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தது பாடத்தைவிடப் பழக்கத்துக்கு உதவியது என்பேன். இன்னும் ஒதுங்கும் பிள்ளையைத் திட்டாமல், முதலில் ஒரே ஒரு நண்பனோடு விளையாட விடுங்கள். வயது கலந்த கூட்டம் அப்புறம். பேச்சே குறைந்திருந்தால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.