பின்தகட்டில் இருக்கும் 49 வருஷம் இல்லை

ராயபுரம் வீட்டில் தாத்தாவின் கண்ணாடிக் கூண்டுக் கடிகாரம், கீழே நான்கு உருண்டைகள், பின்தகட்டில் ஷாட்ஸ் என்ற பெயரும் 49-ம் இருப்பதால் 1949-ல் செய்ததா, இடம் மாற்றியதும் ஏன் நின்றது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது 400 நாள் கடிகாரம். முழுசாகச் சாவி கொடுத்தால் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும். ஷாட்ஸ், ஜெர்மனியில் ட்ரைபெர்க் ஊர்க் கம்பெனி. அந்த 49 மாடல் எண்தான். அவர்களின் சின்ன சைஸுக்கு 53. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். தகட்டின் கீழ் ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். 5 54 என்பதுபோலப் பொடி எண்கள் இருந்தால், முதலாவது மாதம், அடுத்தது வருஷம். அதாவது 1954 மே.

நின்றதற்குக் காரணம் அநேகமாக உருண்டைகளைத் தாங்கும் தொங்குகம்பி. முடி போல மெல்லிய பட்டை அது. பெண்டுலத்தைப் பூட்டாமல் தூக்கினால் முறுக்கிக்கொள்ளும். நிமிர்த்திப் பார்க்காதீர்கள், எண்ணெயும் வேண்டாம்; இந்த மாடலுக்கான புதுக் கம்பியே போடுங்கள். சரியாக ஓடினால் உருண்டைகள் நிமிஷத்துக்கு எட்டு முறை திசை திரும்பும். மெயின் ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் கழற்றாதீர்கள், விரலைப் பதம் பார்த்துவிடும்.

அப்புறம், உங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி அதிர்வுக்கே இது நிற்கும். தெருப்பக்கச் சுவரை விட்டு, உள்சுவர் அலமாரியில் மட்டம் பார்த்து வையுங்கள். தகட்டின் கீழ் ஓரத்தைப் படம் எடுத்துப் போட்டால் மாதத்தையும் சொல்லிவிடலாம்.