புத்தகத்தில் 57, குவளையில் 50: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகன், பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் ஸ்டைரோஃபோம் குவளையில் கலந்து, வெளிப்பட்ட வெப்பத்தை அளந்தான். மோலுக்கு (மோல் என்பது துகள்களை எண்ணும் வேதியியல் அளவு) சுமார் 57 கிலோஜூல் என்கிறது புத்தகம். அவனுக்கு 50 தான் வந்தது. எண்ணை மாற்றி எழுதிவிடலாமா என்கிறான். நான் என்ன சொல்வது?
– வாசகி, ஈஷூன்

பதில்: மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா. அந்த 50 அவன் கையால் அளந்த எண். குறைந்த 7 எங்கே போயிற்று என்று தேடுவதில்தான் இந்தச் சோதனையின் படிப்பே இருக்கிறது.

வழக்கம்போல் 1 மோலார் செறிவுள்ள (லிட்டருக்கு 1 மோல் கரைந்த) இரு கரைசல்களிலும் 50 மில்லிலிட்டர் எடுத்திருப்பான் என்று கொள்கிறேன். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியும் காரத்தின் ஹைட்ராக்சைடு அயனியும் பிணைந்து 0.05 மோல் நீர் உருவாகிறது. புதிய பிணைப்பு உருவாகும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. (பிணைப்பை முறிக்க ஆற்றல் செலவாகும், உருவாகும்போதுதான் அது வெளிவரும், பல மாணவர்கள் இதைத் தலைகீழாக எழுதுகிறார்கள்.) புத்தகக் கணக்குப்படி 2.85 கிலோஜூல் வெளிப்பட்டு, 100 கிராம் கரைசல் 6.8 டிகிரி சூடாக வேண்டும். உங்கள் மகன் பார்த்தது ஏறக்குறைய 6 டிகிரி. வெப்பமானி ஆற்றலைக் காட்டுவதில்லை, நீரில் தங்கிய வெப்பத்தின் விளைவை மட்டுமே காட்டுகிறது. குவளைச் சுவரும், வெப்பமானியின் கண்ணாடியும், மூடியின் இடுக்கு வழியே வெளியேறிய காற்றும் எடுத்துக்கொண்டது அதன் கணக்கில் வராது. அளவீட்டில் அரை டிகிரி தவறினாலே விடையில் மோலுக்கு 4 கிலோஜூல் தவறிவிடும்.

நம் ஊர் ஆய்வகங்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. குளிர்சாதன அறையில் இருந்த அமிலம் 25 டிகிரியிலும், வெளியிலிருந்து அப்போதுதான் வந்த காரம் 29 டிகிரியிலும் இருந்தால், தொடக்க வெப்பநிலை 27 ஆகும். காரத்தை மட்டும் அளந்து அதையே தொடக்கமாகக் கொண்டால், வினை தந்த ஏற்றத்தில் 2 டிகிரி காணாமல் போய்விடும். ஆகவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

இழந்த வெப்பத்தைப் பெரும்பாலும் மீட்க ஒரு நல்ல வழி உண்டு. கலப்பதற்கு முன் மூன்று நிமிடங்களும், கலந்த பின் ஏழு நிமிடங்களும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடட்டும். கரைசல் ஆறிவரும் கோட்டை, கலந்த நொடி வரை பின்னோக்கி நீட்டினால், வெப்பம் கசியாதிருந்தால் எட்டியிருக்கக்கூடிய வெப்பநிலை கிடைக்கும். 1782-83 குளிர்காலத்தில் பாரிசில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாசும் இதே கசிவோடுதான் போராடினார்கள். உருகிய பனிக்கட்டியின் நீரை எடைபோட்டு வெப்பத்தை அளந்த அவர்கள், அறையின் வெப்பம் உள்ளே புகாதிருக்க, கருவியைச் சுற்றி இன்னொரு பனிக்கட்டி உறையை அமைத்தார்கள். அந்த இரண்டாவது உறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

கேள்வி: தானாகச் சூடாகும் ஹாட்பாட் பெட்டியில் தண்ணீர் ஊற்றியதும் கொதிக்கிறதே, நெருப்பில்லாமல் எப்படி?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பது சுட்ட சுண்ணாம்பு. வெற்றிலைக்கு நாம் தடவும் சுண்ணாம்பு, அதை நீற்றி, அதாவது நீர் சேர்த்து, கிடைப்பதுதான். நீற்றும்போது பானை கொதிப்பதைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு நீருடன் சேரும்போது சுமார் 65 கிலோஜூல் வெளிப்படுகிறது. வீணாகாவிட்டால், 200 மில்லிலிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற அது போதும். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டபோது செலுத்திய ஆற்றலின் ஒரு பகுதிதான் இப்படித் திரும்பி வருகிறது. பல பொட்டலங்களில் அலுமினியத் தூளும் கலந்திருப்பதால் ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். ஆகவே மூடியில் உள்ள ஆவித் துளையை அடைக்காதீர்கள், அடுப்புக்கு அருகிலும் வைக்காதீர்கள்.