அக்காவின் நோட்டும் தம்பியின் ‘எதுவானாலும் ஓகே’யும்

கேள்வி: எனக்கு 43 வயது. கரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். தம்பிக்கு 38, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. அம்மா போன பிறகு, வருஷத்துக்கு ஒருமுறையாவது நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்காவது போய் வருவது என்று பேசிக்கொண்டோம். இரண்டு தடவை போய் வந்தாயிற்று. இரண்டு தடவையும் சண்டை.

ஒரு மாதம் முன்பிருந்தே வீடியோ பார்த்து, போய் வந்தவர்களைக் கேட்டு, நோட்டுப் போட்டு எழுதி வைப்பது நான்தான். எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம் என்று கேட்டால் “எதுவானாலும் ஓகேக்கா” என்பான். போன பிறகுதான் “இவ்வளவு நடக்கணுமா?” என்பான். அவன்தான் செலவில் பாதிக்கு மேல் போடுகிறான் என்று பார்த்துப் பார்த்துக் குறைந்த வாடகையில் ரூம் போட்டால், “ரூம் ஏன்க்கா இப்படி இருக்கு?” என்பான். மைசூரில் அரண்மனைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் தேவராஜா மார்க்கெட்டில் பூக்கடை முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அரண்மனையை மூடிவிட்டார்கள். கொடைக்கானலுக்குக் காரில் போனபோது இ-பாஸ் எடுக்கிற ஒரே ஒரு வேலையைத்தான் அவனிடம் கொடுத்தேன். மறந்துவிட்டான். நல்லவேளை, எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாள் ராத்திரியே நானும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன்.

இப்போது ஜனவரியில் ஹம்பி போகலாம் என்கிறான். போவதா, வேண்டாமா? சித்தி வேறு, “குடும்பத்தை விட்டுட்டு அக்காவும் தம்பியும் என்ன ஊர் சுத்தல்” என்கிறார்.
— ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் சித்தி விஷயத்தை முடித்துவிடலாம். உங்கள் வீட்டுக்காரருக்கும் தம்பி மனைவிக்கும் சம்மதம் என்றால் அவ்வளவுதான். சித்திக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஹம்பிக்குப் போய் வாருங்கள். ஆனால் போன இரண்டு தடவை போன மாதிரி போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, பாவம், எல்லாவற்றையும் இந்தம்மாதான் இழுத்துப் போட்டுச் செய்கிறார் என்று பட்டது. இரண்டாவது முறை அந்த இ-பாஸ் வரியில் நின்றுவிட்டேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போவதற்கு இ-பாஸ் வேண்டும் என்பது 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது உங்கள் தம்பிக்குத் தெரியும். தான் மறந்தால் அக்கா எடுத்து வைத்திருப்பாள் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படித்தானே ஆயிற்று? ஒரு வேலையை அவரிடம் கொடுத்தீர்கள். அவர் செய்யமாட்டார் என்று நீங்களே முடிவு செய்து, சொல்லாமல் கொள்ளாமல் நீங்களும் செய்து வைத்தீர்கள். செக்போஸ்டில் அவர் திருதிருவென்று முழித்தபோது உங்கள் போனை எடுத்து நீட்டியிருப்பீர்கள். அந்த நிமிடம் உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்திருக்கும். மறைக்க வேண்டாம், நானும் ஒரு தம்பிக்கு அக்காதான்.

என் கதையையும் கேளுங்கள். ஒரு டிசம்பரில் நானும் என் தம்பியும் ஏற்காடு போனோம். ரூம் போடுவது அவன் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு, குளிரில் பையோடு போய் நின்றால், எங்கள் பெயரில் அன்றைக்கு ரூம் இல்லை. அங்கிருந்தவர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். 12-ஆம் தேதி சரிதான், மாதம்தான் ஜனவரி. எனக்குத் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. என்னவோ அன்றைக்கு விழுங்கிக்கொண்டு, பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். நான் போனையும் எடுக்கவில்லை, யோசனையும் சொல்லவில்லை. அவன் நாலு இடம் ஏறி இறங்கி ஒன்பதரைக்கு ஒரு ரூம் பிடித்தான். மகா மோசமான ரூம். தலையணை உறையில் அந்துருண்டை வாடை, வெந்நீர் கிடையாது. ஆனால் அதற்கப்புறம் இன்றுவரை எங்கே ரூம் போட்டாலும் தேதி, மாதம், வருஷம் மூன்றையும் எனக்குப் போனில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் காசு கட்டுகிறான். அதற்கு முன் பத்து வருஷமாக வாய் வலிக்கச் சொல்லியும் நடக்காதது இது.

அடுத்ததாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நோட்டுப் போடுவது உங்களுக்குப் பிடித்திருக்கிறது. ராத்திரி கடையை அடைத்துவிட்டு, மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, போகப் போகிற ஊரைப் பற்றிப் பார்த்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கிற அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கானது. நன்றாக அனுபவியுங்கள். ஆனால் அதற்குத் தம்பியிடம் கூலி கேட்காதீர்கள். “நான் ஒரு மாசமா உட்கார்ந்து எல்லாம் பார்த்து வச்சா...” என்று நீங்கள் ஆரம்பித்த பிறகு அவர் எதைச் சொன்னாலும் நன்றிகெட்டவன் ஆகிவிடுகிறார். அதற்குப் பேசாமல் ‘எதுவானாலும் ஓகே’ என்று இருந்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

மைசூரில் அவர் வாய் திறக்காமலே ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மார்க்கெட்டில் அந்த ஒரு மணி நேரம் என்னத்தைப் பார்த்தாய் என்று அவரிடம் கேட்டீர்களா? கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமம், முழம் போட்டு விற்கிற மல்லிகை, பேரம் பேசுகிற கூட்டம் என்று ஏதோ ஒன்று அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மாலை 5:30-க்கு அரண்மனையை மூடிவிடுவார்கள் என்பது உங்கள் நோட்டில் கட்டாயம் இருந்திருக்கும். தம்பிக்கு மார்க்கெட் பிடிக்கும் என்பது இருந்திருக்காது. ஹம்பிக்கான நோட்டில் அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, ஹம்பிக்கு வருவோம். ஒரு கோயில், ஒரு கோட்டை என்று பார்த்துவிட்டுத் திரும்புகிற ஊர் இல்லை அது. 40 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. விருபாட்சர் கோயில், ஹேமகூடம், ஒரே கல்லில் செதுக்கிய 6.7 மீட்டர் உயர நரசிம்மர், விட்டலர் கோயில் எல்லாம் ஒரு பக்கம். தாமரை மகால், யானை லாயம், மகாநவமி மேடை, படிக்கட்டுக் குளம் எல்லாம் கமலாபுரத்துப் பக்கம். இத்தனையையும் ஒரே நாளில் அடைத்தால், “இவ்வளவு நடக்கணுமா?” என்று தம்பி கேட்பதில் தப்பே இல்லை. நானாக இருந்தால் நானும் கேட்பேன். எங்கே பார்த்தாலும் பாறை. ஜனவரியிலும் மத்தியான வெயில் சுள்ளென்று அடிக்கும். காலை ஆறரைக்குக் கிளம்பிப் பதினொரு மணியோடு நிறுத்துங்கள். மறுபடி நாலு மணிக்குக் கிளம்பினால் போதும்.

மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் உங்களுடையது, நோட்டோடு போகலாம். விட்டலர் கோயிலுக்கு எடுக்கிற டிக்கெட்டே அன்றைக்குத் தாமரை மகாலுக்கும் செல்லும், அதனால் இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள், டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிற கல் தேர் அந்த விட்டலர் கோயிலில்தான் நிற்கிறது. கோயில் வாசல் வரைக்கும் வண்டி விடமாட்டார்கள். கடைசித் தூரத்துக்கு பேட்டரி கார் உண்டு, தம்பியை அதில் ஏற்றிவிடலாம். கமலாபுரத்து அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த முதல் நாள் முழுக்கத் தம்பி நடையைப் பற்றி முணுமுணுக்கக் கூடாது. இதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் அது சண்டை.

இரண்டாம் நாள் அவருடையது. நோட்டு ரூமிலேயே இருக்கட்டும். அவர் துங்கபத்திரையில் பரிசல் ஏறி ஆனேகுந்திக்குக் கூட்டிப் போகலாம், 575 படி ஏறி அஞ்சனாத்ரி மலைக்குக் கூட்டிப் போகலாம், எங்கேயும் போகாமல் பக்கத்து ஊரான ஹொசபேட்டேயின் கடைத்தெருவில் வாழைத்தாருக்கு விலை கேட்டுக்கொண்டு நிற்கலாம். கூட நில்லுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அவர் திட்டம் சொதப்பினால், நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்கு இப்போது ஒன்றும் எழுதாதீர்கள். இரண்டு நாளில் எது பிடித்ததோ அங்கேயே இன்னொரு முறை போகலாம்.

இடையில் ஒரு விஷயம். விருபாட்சர் கோயிலுக்குள் இருட்டான ஓர் இடத்தில், சின்னத் துவாரம் வழியாக வெளிச்சம் வந்து, கோபுரத்தின் நிழல் தலைகீழாகச் சுவரில் விழும். நான் அவசரப்பட்டு உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் தம்பியிடம் சொல்லாதீர்கள், வீடியோவும் அனுப்பாதீர்கள்.

விசாரிக்கும்போது எந்த வருஷத்துத் தகவல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹம்பியைப் பற்றிய பழைய வீடியோக்களில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் விருபாபுர கட்டி என்கிற இடத்தில் தங்குங்கள், வயல் நடுவில் குடிசை மாதிரி ரூம் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020-லேயே அங்கிருந்த விடுதிகளை இடித்துவிட்டார்கள். அப்புறம் ஹம்பி உற்சவம். அதன் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த நாட்களில் ரூம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை ஏறிவிடும். சங்கராந்தி விடுமுறையும் அந்த ஊரில் கூட்ட நாள்தான். பொங்கல் கழிந்து நாலைந்து நாள் விட்டுக் கிளம்புங்கள்.

பணம்தான் உங்கள் சண்டையின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நீங்கள் மட்டமான ரூமாகப் போடுகிறீர்கள். அவர் கேட்டதோ நல்ல ரூம். காசும் போட்டு, அந்துருண்டை வாடையிலும் படுக்க வேண்டும் என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். யார் பாதி, யார் பாதிக்கு மேல் என்கிற கணக்கை விட்டுவிடுங்கள். இந்த முறை ரூம் வாடகை முழுக்க அவர் பொறுப்பு. எந்த ரூம், எவ்வளவு வாடகை என்பதும் அவர் பாடு. நீங்கள் விலையைக் கேட்கவே கூடாது. சாப்பாடு, ஆட்டோ, நுழைவுச் சீட்டு உங்களுடையது. கரூரில் கிளம்பும்போதே அதற்கென்று ஒரு தொகையை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காசை எடுக்க விடாமல் அதிலிருந்து நீங்களே செலவு செய்தால், எங்கே சாப்பிடலாம், எந்த ஆட்டோவில் போகலாம் என்று சொல்கிறபோது உங்கள் குரல் தானாகவே நிமிர்ந்துவிடும். ரயில் டிக்கெட்டை மட்டும் ஆளுக்குப் பாதி போடுங்கள்.

ரூம் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “ஹொசபேட்டேயா, கமலாபுரமா?” ஹொசபேட்டேயில் ஸ்டேஷன் பக்கம், வசதியான ஓட்டல்கள் உண்டு, ஆனால் ஹம்பிக்கு 13 கிலோமீட்டர் போய் வர வேண்டும். கமலாபுரம் பக்கத்திலேயே இருக்கிறது, கடைகண்ணி குறைவு. “எங்கே தங்கலாம்?” என்றால் ‘எதுவானாலும்’ என்பார். இரண்டில் ஒன்று கேட்டால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் சொன்னது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதோடு விட்டுவிடுங்கள்.

கடைசியாக டிக்கெட். நீங்கள் கரூரிலிருந்தும் அவர் சென்னையிலிருந்தும் பெங்களூரு வந்து சேர்ந்துகொண்டால், அங்கிருந்து ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்துக் காலையில் ஹொசபேட்டேயில் இறங்கலாம். முன்பதிவு முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். ஜனவரி 20-ஆம் தேதி ரயில் என்றால் நவம்பர் 21 காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். இந்த வேலையைத் தம்பியிடம் கொடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் கோட்டை விட்டாலும் குடி முழுகிவிடாது. பெங்களூரிலிருந்து ஹொசபேட்டேக்கு ராத்திரி பஸ் இருக்கிறது, இடுப்பு கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

முந்தின நாள் ராத்திரி ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று உங்கள் கை போனைத் தேடும். அன்றைக்கு மட்டும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுங்கள்.