மறதிநோய் ஆரம்பநிலையில் உள்ள அப்பா இரவில் தூங்குவதில்லை. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டது: மன்னார்குடி பக்கம் கிராமம். அப்பாவுக்கு 77 வயது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மறதிக்கு டோனெபெசில் 5 மி.கி., சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, பிரஷருக்கு ஒரு மாத்திரை. எட்டு மணிக்குப் படுக்கிறார். இரண்டு மணிக்கு எழுந்து "முறைத்தண்ணி வந்துடுச்சு, மடை திறக்கணும்" என்று கொல்லைக் கதவைத் திறக்கிறார். மருந்துக்கடையில் அல்பிரசோலம் 0.25 என்ற தூக்க மாத்திரை தருகிறேன் என்கிறார்கள்.

வாங்காதீர்கள். புதிய மாத்திரை சேர்ப்பதற்கு முன், இப்போது போடும் மாத்திரைகளை நேரத்தோடு எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுப்பது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

முதலில் டோனெபெசில். இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கலையும், நிஜம் போலவே கனவு வரும். சீட்டில் 0-0-1 (இரவு) என்றிருப்பதை 1-0-0 (காலை) ஆக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் ஒரு இரவு விட்டு, மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பின் கொடுக்கலாம். அந்த மருந்தின் பாதியளவு உடம்பை விட்டு வெளியேறவே சுமார் மூன்று நாள் ஆகும், அதனால் அரை நாள் தள்ளிப்போவதில் நஷ்டமில்லை. வெறும் வயிற்றில் வேண்டாம், குமட்டும். மயக்கம் வந்தாலோ நாடி 50-க்குக் கீழே போனாலோ உடனே காட்டுங்கள்.

அடுத்து பிரஷர் மாத்திரை. அட்டையில் பெயருக்குப் பின் 'எச்' என்றிருந்தால் பெரும்பாலும் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்தது. அதை இரவில் போட்டால் நடுநிசியில் எழுப்பும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அம்லோடிபின் என்றால் கால் வீங்கலாம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக வரும். மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்து உட்காரச் சொன்னால் அந்தப் போக்கில் ஒரு பங்கு படுக்கும் முன்பே முடிந்துவிடும்.

கிளிமிபிரைடுதான் எனக்குக் கவலை தருகிறது. சரியாகச் சாப்பிடாத இரவில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, படபடப்பு, குழப்பம் எல்லாம் வரும், அதை மறதிநோயின் தலையில் கட்டிவிடுவோம். அவர் எழும் நேரத்தில் ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். விடிந்ததும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சளிக்கும் அரிப்புக்கும் கடையில் தரும் அவில், சிபிஎம், தூக்கம் வரவைக்கும் இருமல் டானிக் எதுவும் வேண்டாம். ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் தக்கவைக்கத்தான் டோனெபெசில். இவை அதன் வேலையை மறிக்கின்றன. சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், பிதற்றல் வரும். பாலில் ஜாதிக்காய் உரசிக் கொடுப்பதும் வேண்டாம், அளவு மீறினால் அதுவே மூளையைக் குழப்பும்.

அல்பிரசோலம் தூங்க வைக்கும்தான். ஆனால் மருந்து மயக்கத்தோடு கழிவறைக்கு எழுந்தால் விழுவார். இடுப்பு எலும்பு முறிந்தால் அதன் பிறகு இந்தப் பேச்சே வேறாகிவிடும். மறதியையும் கூட்டும். சீட்டில்லாமல் விற்கக்கூடாத எச்1 பட்டியலில் அது இருக்கிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுபவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். மனநோய்க்குத் தரும் கொட்டியாபின் போன்றவை கடைசிப் படி. மறதிநோய் உள்ள முதியவர்களிடம் இறப்பைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்து ஆணையம் 2005-லேயே எச்சரித்தது. இல்லாத ஆட்களைப் பார்ப்பது, கால் இழுத்து நடப்பது, தூக்கத்தில் உதைப்பது இருந்தால் எந்த மாத்திரைக்கும் முன் அதைச் சொல்லுங்கள். அந்த வகை மறதிநோயில், மனநோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான ஹாலோபெரிடால் உடம்பை மரம்போல் இறுக்கிவிடும். தூக்கத்துக்குத் தரும் மெலடோனினில் தீங்கு குறைவு, பலனும் குறைவு.

எட்டு மணிக்குப் படுத்தவர் இரண்டு மணிக்கு எழுந்தால் ஆறு மணி நேரம் தூங்கியாயிற்று. பகலிலும் கண் அயர்ந்தால் அவருக்கு அது போதும். படுக்கையை வாரத்துக்கு அரை மணி வீதம் பத்து மணி வரை தள்ளுங்கள். காலை ஏழிலிருந்து எட்டு வரை திண்ணையில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், மூளையின் கடிகாரத்துக்கு அதுதான் சாவி. பகல் தூக்கம் அரை மணி, மூன்று மணிக்கு முன். மத்தியானத்துக்குப் பிறகு டிகிரி காபி கிடையாது. சுக்குமல்லிக் காபி தரலாம், அதில் காபித்தூள் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும் முன்பே விளக்கைப் போடுங்கள், நிழல் விழும் நேரத்தில்தான் பயமும் பதற்றமும் ஏறும்.

எழுந்தால் "நிலத்தைக் குத்தகைக்கு விட்டு எத்தனை வருஷமாச்சு" என்று திருத்தாதீர்கள். "நம்ம முறை விடிஞ்சுதான்ப்பா, மடையை அடைச்சுட்டுதான் வந்தேன்" என்று சொல்லி, சிறுநீர் கழிக்கவைத்துப் படுக்கவையுங்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் ஜனவரி 28 வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலம், கொல்லைக் கதவு அந்த மாதங்களில் உயிர் விஷயம். கதவில் ஆட்டு மணி கட்டுங்கள், தாழ்ப்பாளைக் கண்ணுக்குப் படாத உயரத்தில் வையுங்கள். அவரைத் தனியே அறையில் பூட்ட வேண்டாம். கட்டிலருகே கமோடு நாற்காலியும், போகும் வழியில் சிறு விளக்கும் இருக்கட்டும்.

இரண்டே நாளில் திடீரென்று மோசமானால் அது பெரும்பாலும் மறதிநோய் முற்றியதல்ல. சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், உப்புச்சத்துக் குறைவு, வலி இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருவாரூருக்கோ போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயர் தெரியாமல் கத்தரித்த துண்டு அட்டைகளையும் சேர்த்து. படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்ததும் என்ன சொன்னார் என்று இரண்டு வாரம் எழுதிய நோட்டும் கையில் இருக்கட்டும்.