சென்சிட்டிவ் ஸ்கின் உள்ளவர்கள் வெயிலில் தோல் எரியாமல் இருக்க என்ன செய்யலாம்? எரிந்துவிட்டால் எப்படி ஆற்றுவது?

கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது, வண்டியில் முக்கால் மணி நேரம் போய் வந்தாலே கழுத்தும் கன்னமும் எரிகிறது, இரண்டு நாளில் தோல் உரிகிறது, சன்ஸ்கிரீன் போட்டால் அதுவே எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், "சென்னையைவிட இங்கே சூடு குறைவு, நல்ல காற்றும் அடிக்கிறது, அப்புறம் ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "அப்புறம் ஏன்" எனக்கு நன்றாகப் புரிகிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். புது சோப்பு மாற்றினாலே தடித்துப்போகிற தோல் எனக்கு, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். ஊரில் எங்கள் காட்டை, அதாவது விவசாய நிலத்தை, அளக்க சர்வேயர் வந்திருந்தார். பத்து மணிக்குப் போனவள் இரண்டு மணி வரை வரப்பிலேயே நின்றிருந்தேன். ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும். குடை இரண்டு முறை மேல்பக்கமாக மடங்கிக்கொண்டது, சரி என்று மூடி வைத்துவிட்டேன். மேகம் ஓடிக்கொண்டே இருந்தது. உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. "வெயிலே தெரியலையே" என்று அம்மாவிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, கழுத்தில் சங்கிலி உரசிய இடம்தான் முதலில் எரிந்தது. ராத்திரி தலையணையில் கன்னத்தை வைக்க முடியவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால், ரவிக்கைக் கழுத்து இருந்த இடத்தில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. அதற்கு மேலே செங்கல் நிறம். தொட்டால் தோசைக்கல் மாதிரி கொதித்தது. நான் மாநிறம். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சூடும் இறுக்கமும் வலியும்தான் தெரியும், அப்புறம் கறுத்துப்போகும். அதனாலேயே நம் ஊரில் பலர் இதை "கருத்துட்டேன்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

தோலைச் சுடுவது வெயிலின் சூடு இல்லை, அதிலுள்ள புறஊதாக் கதிர். சூடு நமக்குத் தெரியும், அந்தக் கதிர் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் ஜூன் முதல் பல்லடம், உடுமலை, தாராபுரம் முழுக்க நீங்கள் சொல்லும் அந்தக் காற்று வருகிறது. காற்றாலைகளை இங்கே நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். காற்று சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும், கதிரை எடுத்துக்கொண்டு போகாது. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. சூடு அதிகமாக இருந்தால் நாமாகவே நிழலுக்கு ஒதுங்குவோம். இங்கே அந்த எச்சரிக்கை இல்லாமல் போய்விடுகிறது. ஊட்டிக்குப் போய் முகம் கறுத்து வருவதும் இதனால்தான். ஆயிரம் மீட்டர் மேலே போனால் புறஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும், ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

இன்னொன்று. கோயம்புத்தூர் ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். அதாவது அக்னி நட்சத்திரம் முடிந்து, சூடு தணிந்து, "இனி பயமில்லை" என்று நாம் நினைக்கிற ஆடி, ஆவணியிலும் மேகம் விலகினால் கதிர் கடுமைதான். செல்போனில் வானிலை பார்க்கும் இடத்தில் யூ.வி. இண்டெக்ஸ் (புறஊதாக் கதிரின் அளவு) என்று ஓர் எண் இருக்கும். மூன்றைத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 11 என்றால் உச்சம். வெப்பநிலையை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். போன் இல்லையென்றால் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் தோலுக்கு ஆகாத நேரம். கோவையில் உச்சிப்பொழுது பன்னிரண்டுக்கு இல்லை, சுமார் 12.20-க்கு. அதற்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, இந்த எண்ணெல்லாம் தெரியாது. "உருமத்துல வெளிய சுத்தாத கண்ணு" என்பார். உச்சிப்பொழுதுக்கு இந்தப் பக்கம் உருமம் என்று பெயர். விடியலில் காட்டுக்குப் போய், உருமத்தில் வேம்படியில் படுத்து, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி இறங்குவார்கள். தலையில் எப்போதும் முந்தானை, அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, உருமாலைத் தலைப்பாகை. ஆபீஸ் வேலையில் இருக்கிற நமக்கு அந்த நேரக் கணக்கு முழுதாக வாய்க்காது. ஆனால் வங்கிக்குப் போவது, கொரியர் போடுவது மாதிரி தள்ளிவைக்கக் கூடிய வேலைகளை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சென்சிட்டிவ் தோலுக்கு முதல் பாதுகாப்பு துணிதான். சன்ஸ்கிரீன் அதற்கு அடுத்துதான். துணி எரியாது, வேர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசவும் வேண்டாம். தினமும் துணியோடு இருப்பவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலர் "வெயிலுக்கு மெல்லிய வெள்ளை காட்டன்" என்று வாங்குகிறார்கள். சூட்டுக்கு அது சரி. கதிருக்கு அது சல்லடை. மெல்லிய வெள்ளை பனியன் துணி கணிசமான கதிரை உள்ளே விடும், நனைந்தாலோ இழுபட்டாலோ இன்னும் அதிகமாக விடும். கடையில் துணியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் விரல் மறுபக்கம் நிழலாகத் தெரிந்தால் அது வெயிலுக்கு ஆகாது. நெருக்கமான பின்னல், கொஞ்சம் அழுத்தமான நிறம், உடம்பைப் பிடிக்காத தளர்வு, இந்த மூன்றும் இருந்தால் போதும். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள (120 ஜி.எஸ்.எம்.) மெல்லிய வெள்ளை சிங்கிள் ஜெர்சி பின்னலைவிட, 200 ஜி.எஸ்.எம். உள்ள, நெருக்கமாகப் பின்னிய கருநீல இன்டர்லாக் எவ்வளவோ மேல். வண்டி ஓட்டும்போது போடும் நீளக் கையுறை வாங்கும்போதும் இதே சோதனைதான். முகத்துக்குக் கட்டும் துப்பட்டா ஷிஃபானாக இருந்தால் தூசியைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. மல் துணியாக இருந்தால் இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். கழுத்தின் பின்பக்கம், காது மடல், கையின் மேற்புறம், செருப்புக்கு வெளியே தெரியும் பாதம், இவையெல்லாம் எல்லோரும் மறக்கிற இடங்கள்.

சரி, சன்ஸ்கிரீன். போட்டால் எரிகிறது என்கிறீர்கள். டியூபின் பின்பக்கம் பாருங்கள். அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன், ஆக்டோக்ரைலீன் போன்றவை சிலருக்கு எரிச்சல் தரும், வாசனைப் பொருளும் ஆல்கஹாலும்கூடத் தரும். நம் மாதிரித் தோலுக்குப் பெரும்பாலும் ஒத்துப்போவது ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ மட்டும் உள்ள மினரல் சன்ஸ்கிரீன். முகத்தில் வெள்ளை பூத்த மாதிரி தெரிகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நிறம் சேர்த்தது கிடைக்கிறது, அதில் உள்ள இரும்பு ஆக்சைடு மங்கு இருப்பவர்களுக்குக் கூடுதல் நன்மை. எஸ்.பி.எஃப். 30 இருந்தால் போதும், அது 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான். எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சுடும் யூ.வி.பி. கதிருக்கான எண். இன்னொரு வகைப் புறஊதாக் கதிரான யூ.வி.ஏ.வுக்கு பி.ஏ. என்று போட்டு எத்தனை பிளஸ் இருக்கிறது என்று பாருங்கள், குறைந்தது மூன்று இருக்க வேண்டும். எண்ணைவிட அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும் அது வேண்டும். பொட்டு வைக்கிற அளவில் பூசினால் பலன் இருக்காது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசுங்கள், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூசுங்கள். புதிதாக வாங்கியதை முதலில் முழங்கை மடிப்பில் நாலைந்து நாள் பூசிப் பாருங்கள். அப்புறம், டியூபை வண்டி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் மருந்து கெட்டுவிடும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான்.

எரிந்துவிட்டால்? முதல் காரியம் நிழலுக்குப் போவது. எரிச்சல் தெரிய ஆரம்பிக்கும்போதே நேரம் கடந்திருக்கும், ஏனென்றால் அது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், உச்சத்துக்கு வர அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும். லேசாகத்தான் இருக்கிறது என்று மறுபடி வெளியே போகாதீர்கள்.

பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து நனைத்துப் பிழிந்து, எரிகிற இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஒரு நாளில் நாலைந்து முறை. ஐஸ் வேண்டாம், அது ஏற்கெனவே நொந்த தோலை இன்னும் நோகடிக்கும். மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சிதான் சரியான அளவு. துணியை எடுத்ததும் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள். கேலமைன் லோஷனும் பூசலாம். சோப்பு இரண்டு நாள் அந்த இடத்தில் வேண்டாம். நிறையத் தண்ணீர், நீர்மோர், இளநீர் குடியுங்கள். வலி தாங்கவில்லையென்றால் பாரசிட்டமால் போதும். இபுப்ரோஃபென் வீக்கத்துக்கும் நல்லது, ஆனால் அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் போடக்கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், உரியும் தோலை இழுக்காதீர்கள்.

சோற்றுக் கற்றாழை நல்லதுதான், ஆனால் வெட்டியதும் தேய்ப்பது தப்பு. மடலை அடியில் வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக ஒரு கசப்புப் பால் வடியும். நம் தோலில் அரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான். அது முழுதாக வடிந்த பின் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சதையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பூசுங்கள். முதல் தடவையானால் இதையும் கையில் பூசிப் பார்த்துவிட்டு.

எரிந்த புதிதில் தேங்காய் எண்ணெய், வாசலின், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். எலுமிச்சை கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அதுவே கொப்புளமும் கருந்திட்டும் உண்டாக்கும், ஜூஸ் பிழிந்த கையோடு வெயிலில் போனாலும் வரலாம். டேன் போக பார்லரில் பிளீச் செய்வது ஆறாத தோலில் மறுபடி காயம் செய்வது மாதிரி.

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. அந்த ஆடி மாதம் ஒரு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய கிரீம் இரண்டே நாளில் எரிச்சலை அடக்கியது. முகமும் பளிச்சென்று ஆனது. சந்தோஷப்பட்டு மூன்று மாதம் பூசினேன். நிறுத்தியதும் முகம் முழுக்க எரிச்சல், பரு, நிழலில் இருந்தால்கூடச் சூடு. அது ஸ்டீராய்டு கலந்த கிரீம் என்று தோல் மருத்துவர் சொன்னபிறகுதான் தெரிந்தது. தோல் மெலிந்துபோயிருந்தது. சரியாக ஒரு வருடம் ஆனது. மருத்துவர் சீட்டில்லாமல் தரும் எந்த "வெள்ளையாக்கும்" கிரீமையும் தயவுசெய்து முகத்தில் வைக்காதீர்கள்.

கடைசியாக, உங்களுக்கு இது வெயில் எரிச்சல்தானா என்பதையும் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் ஒவ்வொரு முறையும் எரிகிறது என்றால் வேறு காரணம் இருக்கலாம். டாக்ஸிசைக்ளின், பிரஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, பருவுக்குப் போடும் ரெட்டினாய்டு இவையெல்லாம் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். பொடிப்பொடியாக அரித்தால் அது வெயில் ஒவ்வாமையாக இருக்கலாம். நீங்கள் போகும் வழியில் காலி மனைகளில் பார்த்தீனியம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளைப் பூ பூத்து, கேரட் இலை மாதிரி இருக்கும். அதன் தூள் காற்றில் பறந்து வந்து முகத்திலும் கழுத்திலும் பட்டே சிலருக்குத் தோல் தடித்துவிடும், பார்த்தால் வெயிலில் எரிந்த மாதிரியே இருக்கும். என் சித்தப்பா மூன்று வருடம் அதை வெயில் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கொப்புளம் பரவலாக வந்தாலோ, காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பேச்சு குழறினால் 108-ஐ அழைத்துவிடுங்கள், அது வெப்ப வாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு முறை தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது எரிந்த அன்று எடுத்த போட்டோ, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, முகத்தில் போடும் எல்லாவற்றின் டியூப், மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். போகிற நாளில் தோல் நன்றாகத்தான் இருக்கும், போட்டோ இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது.